கிணற்றுக்கட்டின் சிவப்புப் புள்ளி

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்க்கும் லெவல் கருவிக்குள் பார்த்தேன். அளவுகோலில் தெரிந்தது போன செவ்வாய்க்கிழமை பார்த்த அதே எண். அதற்கு முந்திய செவ்வாயும் அதுதான். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் பார்த்தேன். மயிரிழைகூட மாறவில்லை.

"என்ன மிஸ், நிண்டிட்டுதோ?"

மணல் மேட்டின் உச்சியில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற, வேலையை மேற்பார்க்கும் எங்கள் ஓவசியர் குலசிங்கம் அண்ணை அங்கிருந்தே கத்தினார்.

"நிண்டிட்டுது அண்ணை!"

மனிதர் அளவுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் வயதையும் மறந்து, மேட்டிலிருந்து சறுக்கியபடியே இறங்கி வந்தார். காற்சட்டைப் பை இரண்டும் நிறைய மணல். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன் ஒரேயொரு தரம்தான், மகளுக்கு விசா கிடைத்த அன்று.

யாழ்ப்பாண நகரத்தின் மேற்குப் பக்கம், சோனகதெருவுக்குப் பின்னால், கடல்நீரேரியை நோக்கிச் சரிந்து போகும் நிலம் அது. அங்கே ஏழு மாடியில் ஒரு தங்குவிடுதி எழும்ப இருந்தது. உச்சி மாடியில் கலியாண மண்டபம் வேறு. நிலத்தை அதற்குத் தயார்செய்து கொடுப்பது என் வேலை. மூன்று கிழமை தொடர்ந்து, மூன்று செவ்வாயும், நிலம் இறங்காமல் நின்றால் வேலை முடிந்தது என்று பேசி வைத்திருந்தோம்.

அன்று பின்னேரமே கடிதத்தை அடித்துக் கையெழுத்திட்டேன். நிலம் உறுதியாகிவிட்டது, மணலை அகற்றலாம், அத்திவாரம் போடலாம். என் வாழ்நாளில் நான் இட்ட கையெழுத்துகளில் மிக அழகானது அதுதான். மிகப் பிழையானதும் அதுதான்.

தயிருக்கு மேலே அம்மி

இந்தத் தொடரை வாசிக்கும் உரும்பிராய் அன்பர் ஒருவர் போன கிழமை ஒரு கடிதம் எழுதியிருந்தார். "நீங்கள் களிமண், களிமண் என்று எழுதுகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ஏது களிமண்? எங்கே மண்வெட்டி போட்டாலும் கல்லுத்தானே கிடைக்கும்?"

அன்பரே, அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் உங்களைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். நானும் அப்படி நினைத்துத்தான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

குடாநாட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்தான். ஆனால் நீரேரியின் ஓரத்தில் அந்தக் கல் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு மேலே காலங்காலமாகக் கடல் கொண்டுவந்து நிரப்பிய சேறு. சாம்பல் நிறம், அழுகிய முட்டை மணம். துளை போட்டபோது இரும்புக் கம்பியைச் சும்மா நிறுத்தி வைத்தோம், அது தன் பாரத்திலேயே ஓராள் உயரம் கீழே போனது.

அடியிலுள்ள கல் வரைக்கும் தூண்களை இறக்கலாமே என்று கேட்பீர்கள். கல்லுக்குள்ளே வெற்றுக் குகைகள். இரண்டு துளைகளில் கம்பி சட்டென்று விழுந்து சத்தமே வரவில்லை. ஆகவே சேற்றையே இறுக்குவது என்று முடிவெடுத்தோம்.

வீட்டில் தயிரைத் துணியில் கட்டி, மேலே அம்மியைத் தூக்கி வைத்தால் என்ன நடக்கும்? தண்ணீர் வடியும், தயிர் இறுகும். அதேதான். சேற்றுக்குள்ளே நூற்றுக்கணக்கில் பிளாஸ்ரிக் பட்டிகளைச் செங்குத்தாகச் செருகினோம். வேலையாட்கள் அதற்குத் 'திரி' என்று பெயர் வைத்தார்கள். மேலே ஓட்டுவீட்டு முகட்டளவுக்கு மணலைக் குவித்தோம். மணலின் பாரத்தில் சேற்றிலிருந்த தண்ணீர் திரி வழியாக மேலே வந்தது. தண்ணீர் போகப் போக நிலம் இறங்கும். இறங்குவது நின்றால் சேறு இறுகிவிட்டது என்று பொருள். பிறகு மணலை அள்ளிவிட்டுக் கட்டடத்தைக் கட்டலாம்.

இதிலே உள்ள ஒரேயொரு சூட்சுமம், நிலம் எவ்வளவு இறங்கியது என்பதைச் சரியாக அளப்பதுதான். அதற்கு அசையாத ஓரிடம் வேண்டும். அந்த இடத்தோடு ஒப்பிட்டுத்தான் மற்றதெல்லாம் இறங்கியதா, நின்றதா என்று சொல்லலாம்.

அச்சுவேலிக் கிணறும் பருத்தித்துறைக் கிணறும்

அசையாத இடம் எங்களிடம் இருந்தது. பெரிய வீதி மதகில் பதித்த பித்தளைக் குமிழ். மதகு கல்லின் மேல்தான் நிற்கிறது என்று துளை போட்டுப் பார்த்து உறுதிசெய்திருந்தோம். ஆனால் அங்கிருந்து எங்கள் மேட்டுக்கு மட்டம் கொண்டுவர லெவலை எட்டு இடத்தில் தூக்கி வைக்க வேண்டும். சித்திரை வெயில். நடுவில் சந்தைக்குப் போகிற ஓட்டோக்கள் எல்லாம் குறுக்கே வந்து நின்று ஹோர்ன் அடிக்கும்.

மூன்றாம் கிழமையே குலசிங்கம் அண்ணை எல்லை மதிலுக்கு அப்பால் கையை நீட்டினார்.

"மிஸ், உந்தக் கிணத்தைப் பாருங்கோ. வலு பழைய கிணறு. உதின்ரை சுத்துக்கட்டிலை ஒரு புள்ளி வைச்சால் போதாதோ? ஏன் ஒவ்வொரு கிழமையும் உந்த வெயிலுக்கை வேகிறம்?"

"கிணறு அசையாதோ அண்ணை?"

"கிணறோ? கிணறு அசைஞ்சால் பிறகு யாழ்ப்பாணத்திலை என்ன மிஸ் மிஞ்சும்?"

அவர் அச்சுவேலிக்காரர். அங்கே செம்மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் கல். கிணறு என்றால் வெடிவைத்துக் கல்லைப் பிளந்து இறங்குவது. நான் பருத்தித்துறை. எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடி வரைக்கும் வெள்ளைக் கல் சுவர்தான். வீடு விழுந்த சண்டையிலும் கிணறு விழவில்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்கள் எல்லாரும் தங்கள் காணியைக் கிணற்றை வைத்துத்தானே அடையாளம் கண்டார்கள். எங்கள் இருவருக்கும் கிணறு என்றால் கல், கல் என்றால் கிணறு.

அந்தக் கிணறு கல்லில் நிற்கிறதா என்று எங்கள் இருவரில் ஒருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்த எனக்கும் தோன்றவில்லை. சிவப்பு நெயில் பொலிஷ் வாங்கிவந்து கிணற்றுக்கட்டில் நானே புள்ளி வைத்தேன்.

பரீனாவின் கிணற்றடி

கிணறு பரீனாவின் வீட்டுக்குச் சொந்தம். மதிலுக்கு அந்தப் பக்கம், எங்கள் மணல் மேட்டிலிருந்து இருபது காலடித் தூரம்தான்.

பரீனாவுக்கு ஏறக்குறைய என் வயது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, இருபது வருடத்துக்குப் பிறகு வாப்பாவின் காணிக்குத் திரும்பி வந்தார். வந்தபோது நின்றது கிணறும் ஒரு சுவரும் மட்டும். கணவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். இருவரும் அறை அறையாகக் கட்டி எழுப்பிய வீடு அது. சமைக்கிற குசினிக்கு இன்னும் பூச்சு முடியவில்லை.

ஒவ்வொரு செவ்வாயும் நான் அளவெடுக்கப் போகும்போது மதிலுக்கு மேலால் தேத்தண்ணி நீட்டுவார். நான் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

ஆனி மாதம் போல ஒருநாள் அவர் ஒரு முறைப்பாடு சொன்னார்.

"மிஸ், கிணத்தடியிலை குளிக்கிற தண்ணி முந்தி வாழைக்குத்தான் ஓடும். இப்ப ஓடுதில்லை. திரும்பி உங்கடை மதில் பக்கம் வந்து நிக்குது."

"வாய்க்கால் அடைச்சிருக்கும் பரீனா. சவர்க்கார ஊத்தை. ஒரு தடியாலை குத்திப் பாருங்கோ."

"குத்திப் பாத்திட்டன்."

"அப்ப வாழையின்ரை வேர் வந்திருக்கும்."

என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எனக்கு அன்று இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும், பொறுமை இல்லை. அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மட்டம் பார்க்க ஐந்து இலட்ச ரூபாய்க் கருவியைத் தோளில் சுமந்துகொண்டு நின்றவள் நான். தண்ணீரை விடச் சிறந்த மட்டக்கருவி உலகத்தில் இல்லை என்று படித்தவளும் நான்தான்.

சவர்க்கார நுரை

கடிதம் கொடுத்து இரண்டாம் நாள், வேலை முடிந்த மகிழ்ச்சியில் பரீனாவுக்கு ஒரு பெட்டி தொதல் இனிப்புக் கொண்டுபோனேன். மணலை அள்ளி முடிந்தால் லொறிச் சத்தம் குறையும் என்று சொல்வதற்கும்தான். புள்ளி வைத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக நானே மதிலைச் சுற்றி வாசலால் போனேன், மற்ற நாட்களில் அளவுகோலோடு போவது குலசிங்கம் அண்ணைதான். கையில் கிறீஸ் பட்டிருந்தது. கிணற்றடியில் கழுவினேன்.

சவர்க்கார நுரை சீமெந்துத் தரையில் விழுந்தது. வாய்க்கால் வாயை நோக்கி ஒரு விரலளவு போனது. நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, என் செருப்புக்குக் கீழால், எங்கள் மணல் மேட்டின் பக்கம் வந்தது.

இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் வந்தது.

"உந்தத் தரையை ஆர் போட்டது பரீனா?"

"இவர்தான். மட்டப்பலகை வைச்சுப் பாத்துப் பாத்துப் போட்டவர். ஏன் மிஸ்?"

வாய்க்காலில் ஒரு அடைப்பும் இல்லை. தரை சரிந்திருந்தது. தரை சரிந்தால் கிணற்றுக்கட்டும் சரிந்திருக்கும். கிணற்றுக்கட்டில் இருந்தது என் சிவப்புப் புள்ளி.

குலசிங்கம் அண்ணையைக் கூப்பிட்டேன். உச்சி வெயிலில், பெரிய வீதி மதகிலிருந்து எட்டு இடத்தில் லெவலை வைத்து மட்டத்தைக் கொண்டுவந்தோம். கடைசி எண்ணை எழுதிக் கழித்துப் பார்த்தேன். புள்ளி வைத்த நாளிலிருந்து கிணறு பதினொரு சென்ரிமீற்றர் கீழே போயிருந்தது.

கிணறு கல்லில் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் யாரோ சேற்றுக்குள் வட்டமாகக் கல்லடுக்கி இறக்கிய கிணறு அது. நாங்கள் குவித்த மணல் தன் கீழுள்ள நிலத்தை மட்டுமல்ல, கிணற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. கடைசி மூன்று கிழமையும் இரண்டும் ஒரே வேகத்தில் இறங்கியிருக்கின்றன. அதனால்தான் என் எண் மாறவில்லை.

என் அப்பா கடற்றொழில் செய்தவர். வலை போட்ட இடத்தை வெளிச்சவீட்டையும் கோயில் கோபுரத்தையும் வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார். கரையைப் பார்க்காமல் தன் வள்ளத்தின் விளிம்பிலே புள்ளி வைத்து இடம் தேடுகிறவனை எங்கள் ஊரில் என்ன சொல்லுவார்கள் என்று எழுதினால், பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

"வீட்டையும் ஒருக்கால் பாக்கலாமோ பரீனா?" என்று கேட்டேன்.

அவர் வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு குசினிக்குக் கூட்டிப்போய், சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றினார். அதற்குப் பின்னால் மேலிருந்து கீழாகச் சரிவாக ஒரு வெடிப்பு. என் சின்னவிரல் போகுமளவு.

"எவ்வளவு நாளா உது இருக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் ஏதும் சொல்லுவியள் எண்டுதான்" என்றார். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

நாள் வைத்தாயிற்று

தங்குவிடுதியின் சொந்தக்காரர் ரவீந்திரன். பிறந்தது இங்கே, வாழ்வது ரொறன்ரோவில். கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் ஒரு வில்லனைத் தேடினால் என்னைத் தவிர வேறு யாரும் அகப்படமாட்டார்கள்.

அன்று பின்னேரம் அழைத்தேன். அவருக்கு அங்கே விடிந்திருந்தது.

"தங்கச்சி, அத்திவாரத்துக்கு நாள்கல் வைக்க நாள் எடுத்தாச்சு. இதை விட்டால் பிறகு தையிலைதான் நல்ல நாள் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். பிளேன் ரிக்கெற் எல்லாம் போட்டாச்சு. நாளைக்குக் காலமை மண் அள்ளப் பெக்கோ வரும்."

"பெக்கோவை மறியுங்கோ அண்ணை. நிலம் இன்னும் இறங்குது. இப்ப மண்ணை எடுத்துப்போட்டு ஏழு மாடி கட்டினால் கட்டடம் சரியும்."

"நிலம் நிண்டிட்டுது எண்டு உம்முடை கடிதம் என்ரை கையிலை கிடக்கு."

"அது பிழை."

கடிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"கடிதம் பிழையோ, நீர் பிழையோ?"

"ரெண்டும் அண்ணை."

"எனக்கு உது விளங்கேல்லை. கையெழுத்து வைச்ச கடிதத்தின்படி வேலை நடக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற குலசிங்கம் அண்ணை தொண்டையைச் செருமினார். "மிஸ், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கிணத்தைக் காட்டினது நான். என்ரை பேரிலை போடுங்கோ. நான் இன்னும் ரெண்டு வருசத்திலை பென்சனிலை வீட்டை போயிடுவன். உங்களுக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு. கொழும்பிலை இருக்கிற எஞ்சினியர்மார் உதை வைச்சுக் கதைச்சுக் கதைச்சே கொல்லுவாங்கள்."

அவர் சொன்னது உண்மை. மற்றவர்களின் அறிக்கையில் பிழை பிடித்துப் பெயர் வாங்கியவள் நான். ஒரு கூட்டத்தில் தலை நரைத்த ஒருவரை எல்லார் முன்னாலும் வைத்து, ஆதாரப் புள்ளியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுத் தலைகுனிய வைத்திருக்கிறேன். ஊசி போவதைப் பார்ப்பவளுக்கு உலக்கை போனது தெரியவில்லை என்று இனி அவர் சிரிப்பார். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அண்ணையின் பேரைப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

பெக்கோ

காலை ஆறரைக்கு நான் போனபோது பெக்கோ ஏற்கனவே மணல் மேட்டின் அடியில் நின்றது. பின்னால் மூன்று லொறிகள். குலசிங்கம் அண்ணை சாரதியோடு வாய்த்தர்க்கம்.

நான் ஸ்கூட்டியைக் கொண்டுபோய் பெக்கோவின் வாளிக்கு முன்னால் நிறுத்தி இறங்கினேன். வீரத்தில் செய்ததல்ல, வேறு இடம் இருக்கவில்லை.

சாரதி என்ஜினை நிறுத்தாமலே ஒரு தாளை நீட்டினார். "மிஸ், உது உங்கடை கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"மண்ணை அள்ளலாம் எண்டு எழுதியிருக்கு."

"ஓம், எழுதினது நான்தான்."

"அப்ப ஏன் மறிக்கிறியள்? உங்களுக்குத்தான் ஒண்டும் இல்லை, நான் நாலு இடத்துக்குப் போக வேணும்."

"எழுதினது பிழை தம்பி. ஒரு பத்து நிமிசம் தாங்கோ."

பையிலிருந்து தாளை எடுத்து, ஸ்கூட்டியின் இருக்கையில் வைத்து எழுதினேன். என்ஜினின் அதிர்வில் எழுத்து ஆடியது. 'இத்திகதிக்கு முன் நான் கொடுத்த கடிதம் தவறானது. ஆதாரப் புள்ளியைத் தேர்ந்ததில் ஏற்பட்ட பிழை என்னுடையது. நிலம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மணலை எடுக்கக் கூடாது.' கீழே என் பேர். அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாரதி இரண்டு கடிதத்தையும் இரண்டு கையில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்து. எதை நம்புறது?"

"பிந்தினதை."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு என்ஜினை நிறுத்தினார்.

எத்தனை மணிக்குள்

ரவீந்திரன் குறித்த நாளுக்கே வந்தார். நாள்கல் வைக்கவில்லை. சிவப்புப் புள்ளியை ஒருமுறை பார்த்தார், மதகுக்கு நடந்துபோய் பித்தளைக் குமிழையும் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசவில்லை.

"இன்னும் எவ்வளவு காலம் மண் கிடக்க வேணும்?"

"ஆறு மாசம் மட்டிலை."

"அதுவரைக்கும் பக்கத்து வீடு?"

அதுதான் கேள்வி. பெக்கோவை மறித்து நான் கட்டடத்தைக் காப்பாற்றினேன், வீட்டை அல்ல. மணல் கிடக்கும் மட்டும் பரீனாவின் குசினி அதோடு சேர்ந்து இறங்கும். வெடிப்பு இன்னும் அகலும். சுவர் ஒருநாள் ஆட்களின் மேல் விழலாம்.

"அவையளை எழுப்பி ஒரு நல்ல வீட்டிலை இருத்துவம். வாடகை நான் குடுக்கிறன். வீட்டையும் பிறகு திருத்திக் குடுக்கிறன்" என்றார் ரவீந்திரன்.

நியாயமான பேச்சு. நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். எல்லா நாட்டிலும் இப்படித்தான் செய்வார்கள், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. போய்ச் சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

பரீனா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் நின்று, வரும்போது மனதுக்குள் ஒத்திகை பார்த்ததை அப்படியே ஒப்புவித்தேன். நிலம் இறங்குகிறது. பிழை என்னுடையது. வீடு பாதுகாப்பில்லை. கொஞ்சக் காலத்துக்கு வேறு வீட்டுக்குப் போகவேண்டி வரும்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார்.

"எத்தினை மணிக்குள்ளை வெளிக்கிட வேணும் மிஸ்?"

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. தொண்ணூறில் இந்தத் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டி அவர்களுக்குச் சொன்னது இரண்டு மணித்தியாலம். அதற்குள் போய்விட வேண்டும். அப்போது பரீனா சின்னப் பிள்ளை. வெடிப்பை அவர் கலண்டரால் மறைத்து வைத்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"ஐயோ, மணித்தியாலம் இல்லை பரீனா! ஒரு மாசம் எண்டாலும் எடுங்கோ. ஆறுதலாப் போகலாம்."

"ஓம் மிஸ்" என்றார் மிக அமைதியாக. அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அறைக்குள் போனார். கட்டிலுக்குக் கீழிருந்து தகரப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

நான் பின்னால் போனேன். அவர் பெட்டியைத் திறந்து, அலுமாரியிலிருந்த உடுப்புகளை மடிக்காமலே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. எது முதலில், எது பிறகு என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. காணி உறுதிக் கடுதாசி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பிறகுதான் உடுப்பு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

பெட்டியின் மூடியைச் சாத்தினேன். சாத்திவிட்டு அதன் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டேன். முப்பது பேரை வேலை வாங்கும் பொறியியலாளர் செய்யும் காரியமா அது? வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"நீங்கள் ஒருத்தரும் எங்கையும் போக வேண்டாம். மண்ணை அள்ளுறன்."

"எந்த மண்ணை?"

"உங்கடை மதில் பக்கத்து மண்ணை. அதை எடுத்தால் வீட்டை இழுக்கிற பாரம் குறையும். அந்தப் பக்கம் கட்டடம் வராது. மிச்ச இடத்துக்கை ஏலுமானதைக் கட்டட்டும்."

அதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. காணி என்னுடையதல்ல, கட்டடமும் என்னுடையதல்ல. பிறகு மூன்று நாள் ரவீந்திரனோடு மல்லுக்கட்டினேன். மதிலோரம் முழுக்க ஒரு லொறி அகலத்துக்கு மணலை வாரி எடுத்தோம். ஏழு மாடி ஐந்தாகச் சுருங்கியது, கலியாண மண்டபம் கைவிடப்பட்டது. அவர் பரீனாவின் குசினிச் சுவரைச் சொன்னபடி கட்டிக் கொடுத்தார். என்னோடு மட்டும் இன்றுவரை கதைப்பதில்லை.

ஆனால் அந்த அறையில் அன்று எனக்கு இவை எதுவும் தெரியாது. பெட்டியின் மேல் இருந்த நான் வெறும் வாய்ப்பேச்சுக்காரி. பரீனாவுக்கும் அது தெரிந்திருந்தது.

"எழுதித் தருவியளோ?" என்று கேட்டார்.

பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். முழங்காலில் வைத்து எழுதினேன். இந்த வீட்டில் இருப்பவர்கள் வெளியேறத் தேவையில்லை, மணல் அகற்றப்படும். கையெழுத்தும் வைத்தேன். எந்தக் கந்தோரிலும், எந்த நீதிமன்றத்திலும் செல்லாத கடுதாசி அது.

அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப எழும்புங்கோ மிஸ்" என்றார். "பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழை தள்ள வேணும்."